நீலச் சால்வைப் படம்

சமூகக் கூடத்துச் சுவரில் ஆர்வெல்லாவின் பதினோரு படங்களை நானும் அவளும் மாட்டிவிட்டுப் பன்னிரண்டாவதைக் கையில் எடுத்தபோது, அவள் தங்கை ட்வைலா உள்ளே வந்தாள். கண்காட்சி தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது.

அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் லகோட்டா ஆண்கள் ஒரு காலத்தில் பழைய கணக்குப் பேரேட்டுத் தாள்களில் தங்கள் போர்களை வரைந்தார்கள். அதே மாதிரித் தாள்களில் ஆர்வெல்லா பெண்களை வரைகிறாள்: பிரசவம், கூடைப்பந்து, ரேஷன் வரிசை. முகத்தில் கண், மூக்கு போடுவதில்லை. துணியைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் துணியில் ஒரு தையல்கூடத் தப்பக் கூடாது.

இந்தப் படத்தில் பனி. பிங்கோ சூதாட்டக் கூடத்து வாசலுக்குள் நீலச் சால்வை போர்த்திய பெண் நுழைகிறாள். மஞ்சள் நட்சத்திரக் கரை போட்ட அந்தச் சால்வை ஊரிலேயே ஒன்றுதான், ட்வைலாவுடையது. வெளியே நிற்கும் காருக்குள் ஒரு சின்னத் தலை.

"அன்னைக்கு நான் பழைய ஜாக்கெட்தானே போட்டிருந்தேன்!" என்றாள் ட்வைலா.

"ஜாக்கெட்டைப் பாத்தா யாருன்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஆர்வெல்லா.

அது சரிதான். போர்ப் படங்களில்கூட எல்லாரும் விழா உடையில்தான் வருவார்கள்.

அன்று காருக்குள் தனியாக இருந்த ட்வைலாவின் ஐந்து வயது மகன் எலைஜாவைப் போலீஸ் காப்பகத்தில் சேர்த்திருந்தது. அவனை யாரிடம் கொடுப்பது என்று செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. பையனைக் குளிரில் விட்டது மருந்து வாங்கப் போனபோது என்று ட்வைலா சொல்லியிருந்தாள். நீதிபதி பாதி நம்பியிருந்தார். அவர் இன்று படம் பார்க்க வருகிறார். ஆர்வெல்லாவும் பையனைத் தனக்குக் கேட்டிருந்தாள்.

"கரையை மட்டும் சிவப்பா மாத்திடுக்கா. நாலு கோடுதான்."

"நடந்ததைத்தான் வரையணும். நடக்கலைன்னு சொல்லு, இப்பவே கிழிச்சுப் போடறேன்."

"இருபது நிமிஷம்தான் உள்ளே இருந்தேன்க்கா..."

"ஜெயிச்சியா?"

ட்வைலா என் பக்கம் திரும்பினாள். "மாவிஸ் அக்கா, பேனா இருக்கா?"

கொடுத்தேன். ஒருவர் தன் செயலைச் சொல்லும்போது, கூட இருந்தவர் எழுந்து திருத்தலாம் என்பது எங்கள் பழைய வழக்கம். ட்வைலா பனியில் சின்னச் சின்னக் கோடுகள் இழுத்தாள். இந்தப் படங்களில் மனிதக் காலடி அப்படித்தான் வரும். பிங்கோ வாசலிலிருந்து கார்வரை ஒரு வரிசை. ஜன்னலருகே ஒரு குவியல், அதாவது அங்கே ஒருத்தி நின்றிருக்கிறாள். பிறகு திரும்பி வாசல்வரை. யார் என்று காட்ட, பெயரை உருவமாக வரைந்து ஆளோடு கோட்டால் இணைப்போம். அவள் வரைந்தது கறுப்பு வெள்ளைப் பறவை. தன் எல்லாப் படங்களின் மூலையிலும் ஆர்வெல்லா கையெழுத்தாகப் போடும் பறவை.

"என்னடி கிறுக்கறே?"

"நீ வரையாம விட்டதை. நேத்து காப்பகத்துல எலைஜா சொன்னான். பெரியம்மா வந்தாங்க, கண்ணாடியத் தட்டினாங்க, கையாட்டிட்டுப் போயிட்டாங்கன்னான். போலீஸ் வந்து பாக்கட்டும்னு விட்டுட்டியாக்கா? கோர்ட்டுல சாட்சி சொன்னா நீ என்ன பண்ணேன்னு கேப்பாங்க. அதான் படமா வரைஞ்சே, படத்தை யாரு கேப்பா?"

"கார் பூட்டியிருந்ததா?" என்று ஆர்வெல்லாவிடம் கேட்டேன்.

"அந்தக் காருக்குப் பூட்டே கிடையாதுக்கா," என்று முந்திக்கொண்டு என்னிடம் சொன்னாள் ட்வைலா. பிறகு அக்காளிடம், "இப்ப மாட்டு பாக்கலாம்."

ஆர்வெல்லா படத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கினாள்.

"பையன் உன் கைக்குப் போறதுக்கு, நம்ம யாருக்கும் இல்லாமப் போகட்டும்."

"அக்கா, வேணாம். அக்கா!"

ஆணி இரண்டே அடியில் இறங்கியது.

நீதிபதி வந்தார். இந்தப் படங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அவருக்கு அது தெரியும். படித்து முடித்துவிட்டு மறுபடியும் வலது ஓரத்துக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை இருவரிடமும் அந்தப் படத்தைப் பற்றியே கேட்டார். எலைஜாவை ஆறு மணி நேரத் தொலைவில், எங்கள் பேச்சு ஒரு சொல்லும் தெரியாத குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அவன் துணிப் பையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நீதிமன்ற வாசலில் அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கைப்பிடி பிய்ந்தது. பையை நெஞ்சோடு அணைத்து நான்தான் எடுத்துப் போனேன்.