புதுச் செடியைத் தொடக்கூடாது

என் கணவர் தியாகலிங்கம் கனடாவில் முதன்முதலில் கொன்றது ஒரு மணி பிளான்டை. இதை யாராலும் சாகடிக்க முடியாது என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றானாம். என் மனுசனைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

தொடங்கி வைத்தவள் நான்தான். அவர் ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடியில் ஒற்றை அறை வீடொன்று எடுத்து, எனக்கு ஸ்பொன்சர் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கிடந்தேன். கலியாணம் முடிந்து நாலு மாதத்தில் பிரிந்தவர்கள் நாங்கள். அதன்பிறகு ஐந்து வருடமாகப் புருசன் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோனில் வரும் ஒரு குரல் மட்டும்தான். பேச வேண்டியது மலையளவு இருக்கும். ஆனால் டெலிபோன் கடையில் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் காது கேட்கும். அதனால் வீட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பேன்.

"சோபா இருக்கு, ரீவி இருக்கு, குக்கர் இருக்கு."

"உயிரோடை ஒண்டும் இல்லையோ?"

"நான் இருக்கிறன்தானே."

"உங்களைத் தவிர."

அடுத்த நாளே போய் அந்த மணி பிளான்டை வாங்கி வந்திருக்கிறார். ஊரில் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். செடி என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு செம்பு, வந்து சப்பாத்தைக் கழற்றாமலே இன்னொரு செம்பு. அதோடு அரிசி கழுவிய தண்ணீர். சனிக்கிழமை மீன் கழுவிய தண்ணீர். மீன் தண்ணீர் விட்டால் செடி கறுத்துத் தழைக்கும் என்பது எங்கள் ஆட்களின் வேதம். அது வெயிலில் நிற்கும் மரத்துக்குச் சரி. ஜனவரி மாதம், யன்னல் திறக்க முடியாத வீட்டில், அடியில் ஓட்டையே இல்லாத பூச்சட்டிக்கு? வீடு நாறியது. செடி பழுத்தது.

அந்த வாரம் பார்த்து அவருடைய சிநேகிதர் அருள்நாயகம் பிக்கரிங்கிலிருந்து வந்து, மிச்சமிருந்த பச்சையைப் பார்த்து, "என்ன, நல்லா மதாளிச்சு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த ஞாயிறு இவர் டெலிபோனில் அழாக்குறையாகச் சொன்னார், இன்னும் நாலு இலை விழுந்துவிட்டது என்று. நான் யோசிக்கவே இல்லை.

"உது நாவூறு. அந்த மனிசன்ரை கண் பட்டிருக்கு. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து மூண்டு தரம் சுத்தி நெருப்பிலை போடுங்கோ."

பெண்சாதி சொல் தட்டாத பிள்ளை. டெலிபோனை வைத்த கையோடு செடியைச் சுற்றி எடுத்து, மின்சார அடுப்பில் சட்டியை வைத்து மிளகாயைப் போட்டிருக்கிறார். புகை மண்டியது. மூச்சு முட்டியதும் கதவைத் திறந்து புகையை வெளி நடைக்கு விட்டார். அங்கேதான் முழுக் கட்டிடத்துக்குமான நெருப்பு மணி இருந்தது. பன்னிரண்டு மாடிச் சனமும் இருமிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி நின்றதாம். தீயணைப்பு வண்டியும் வந்தது. என் மனுசன் பூச்சட்டியை ஜக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றாராம்.

அதைக் கண்டவர் பக்கத்து வீட்டு மனுசி எமில்டா, மன்னார்ப் பக்கத்து ஆள். தன் வீட்டு யன்னலெல்லாம் செடி வைத்திருப்பவர். சட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணை, உதுக்கு நாவூறும் இல்லை, ஒண்டும் இல்லை. தண்ணிக்குள்ளை தாண்டு மூழ்கிப் போச்சுது" என்றாராம்.

பழுக்காத தண்டில் ஒரு துண்டு வெட்டிப் போத்தல் தண்ணீரில் போட்டுக் கொடுத்தார். தன்னிடமிருந்த மருளில் ஒரு கன்றும் கொடுத்தார். ஊரில் வேலியோரம் வாள்போல இலை நீட்டி நிற்கும், நாய்கூடத் திரும்பிப் பார்க்காத மருள்தான், இங்கே சட்டியில் வைத்து விற்கிறார்கள். செடி வளர்த்துப் பழகுகிறவர்களுக்கு இது இரண்டும் போதும் என்று சொல்லி, விதிகளும் சொன்னார். ஓட்டையுள்ள சட்டியில் வைக்க வேண்டும். விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஈரமாக இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். புதிதாகக் கொண்டுவந்த செடியைக் கொஞ்ச நாளைக்கு இடம் மாற்றவோ சட்டி மாற்றவோ தொடவோ கூடாது. பயந்து இரண்டு இலை கொட்டும், அதுபாட்டுக்கு விட்டால் பிழைக்கும்.

அடுத்த ஞாயிறு இதெல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டு அவர் சொன்னார்.

"வதனா, நான் செடிக்குத் தண்ணி விடேல்லை. உம்மை நினைக்கிற நேரமெல்லாம் விட்டிருக்கிறன். அதுதான் தாண்டது."

பின்னால் நின்ற கிழவர் செருமினார். "சரி, வைக்கிறன்" என்று வைத்துவிட்டேன். லொட்ஜ் வரைக்கும் அழுதுகொண்டுதான் நடந்தேன். அந்தச் சொல்லைத் தலையணையாக வைத்துக்கொண்டுதான் மிச்ச நாட்களைக் கழித்தேன். விசா இரண்டு தரம் பிந்தியது. பிந்துகிற நேரமெல்லாம், விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன் என்று சொல்வார்.

ஒருவழியாக ஐப்பசியில் வந்து இறங்கினேன். அருள்நாயகத்தின் காரில் வீட்டுக்குப் போனோம். மணி பிளான்ட் யன்னல் திரைக் கம்பியைச் சுற்றி மற்ற மூலை வரைக்கும் ஓடியிருந்தது. மருள் என் முழங்காலளவு. இரண்டும் அவ்வளவு அழகு. நானென்னவோ அவற்றைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். தலைமயிர் முன்னால் கொட்டியிருந்தது. அவர் என் பெட்டியை அறைக்குள் வைத்துவிட்டு, "நீர் களைச்சுப் போயிருப்பீர், படும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்ச் சோபாவில் படுத்தார்.

களைப்புத்தான் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் சோபா. அதற்கடுத்த நாளும் சோபா. தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார், கையில் தரமாட்டார். நான் சோபாவில் இருந்தால் அவர் கதிரையில். காலையில் கதவிடுக்கால் என்னை எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். இதற்கா கடல் தாண்டி வந்தேன்? ஐந்து வருடத்தில் என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா, இல்லை வேறு ஆள் இருக்கிறதா? எமில்டாவைக்கூட ஒருநாள் சந்தேகத்தோடு பார்த்தேன். மூன்று பிள்ளைகளும் தூணைப்போல ஒரு புருசனும் உள்ள மனுசி, பாவம், என்னைப் பார்த்துச் சிரித்தார். டெலிபோனில் பக்கத்தில் இருந்தவர் இப்போது பக்கத்து அறையில் தூரமாக இருந்தார். அந்தத் தூரத்தை என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு மருளிடம் போனேன். அவர் ஓடிவந்தார்.

"பொறும், பொறும். முதல் விரலை வைச்சுப் பாரும்."

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம். தண்ணீர்ச் சட்டியைத் தரையில் வைத்தேன்.

"செடிக்கு விரல் வைச்சுப் பாக்கத் தெரியுது. நான் வந்து எத்தினை நாள்? ஒருக்காலாவது தொட்டுப் பாத்தனீங்களோ? வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, நான் திரும்பிப் போறன்."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எமில்டா சொன்னவ… புதுசாக் கொண்டந்ததைக் கொஞ்ச நாளைக்குத் தொடக்கூடாதாம். இடம் பழகோணுமாம்."

"அது செடிக்கு."

"எனக்கு வேற ஒண்டும் தெரியாது, வதனா. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு முதல் வந்ததைச் சாகடிச்சுப் போட்டன். உம்மையும் அப்பிடிச் செய்துபோடுவன் எண்டு பயமாக் கிடந்தது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த விசரனுக்காகவா ஐந்து வருடம் காத்திருந்தேன்? ஓம், இந்த விசரனுக்காகத்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. அவர் கிட்ட வந்தார். செடி மண்ணில் வைத்துப் பழகிய அந்த விரலை மெல்ல என் கன்னத்தில் வைத்தார்.

"ஈரமா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும். கையை எடுக்காதேங்கோ" என்றேன்.