பாகப் பட்டியலில் பன்னிரண்டு சொற்கள்

மௌத்தாகிப் போய்ச்சேர்ந்தவனின் சொத்தில் ஓர் ஊசியைக்கூட மறைக்கக் கூடாது என்று மௌலவி சொன்னார். றிப்தா மறைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை அதுதான். கொஞ்சம் கள்ளியாக இருந்திருந்தால் இன்றைக்கு அவளுக்கென்று ஒரு கதவும், அந்தக் கதவைப் பூட்ட ஒரு திறப்பும் இருந்திருக்கும்.

அவளுடைய கணவன் ஸிபான், கட்டுகஸ்தோட்டையில் வாப்பாவின் வீட்டு மேல்மாடியில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கணினியில் படம் வரைந்து கொடுத்தவன். கூலியை பிட்கொயினாக வாங்கிச் சேர்த்தான். அதற்கு வங்கியும் இல்லை, பாஸ் புத்தகமும் இல்லை, வணக்கம் வைக்க ஒரு மெனேஜரும் இல்லை. போனில் வொலட் என்று ஒரு மின்பணப்பை. போன் தொலைந்தால் காசைத் திரும்ப எடுப்பதற்குப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். அவற்றை ஒரு பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அலுமாரியில் வைத்திருந்தான்.

"இந்தச் சொல்லு யார்ட கையில இரிக்கோ, காசும் அவங்கடதான். ஒருத்தருக்கும் காட்ட வாணாம்" என்று றிப்தாவிடம் சொல்லியிருந்தான். மடவளையில் பத்துப் பேர்ச் காணி வாங்கி மூன்று அறையில் ஒரு வீடு கட்டுவது அவன் கணக்கு. டிசம்பர் மழையில் மோட்டார் சைக்கிள் லொறிக்குக் கீழே போனதும் அந்தக் கணக்கு அங்கேயே நின்றது. அவனுக்கு முப்பத்து நான்கு வயது. மகள் மின்ஹாவுக்கு நான்கு.

றிப்தா இத்தா இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்களின் முன்னால் வரக் கூடாது. நாற்பதாம் நாள் கழிந்ததும் சொத்தில் பாகம் பேசக் கீழே ஹோலில் கூடினார்கள். மாமனார் பளீல் ஹாஜியார், ஸிபானின் தம்பி அஹ்னாப், மௌலவி, பள்ளிவாசல் செயலாளர். றிப்தாவின் பக்கத்துக்கு அவளுடைய நாநா, கூடப்பிறந்த அண்ணன் நுஸ்கி வந்திருந்தான். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்தாள்.

நுஸ்கி அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சொத்துப் பட்டியலை அவன்தான் எழுதினான். மோட்டார் சைக்கிள் இன்னது, கணினி இன்னது, வங்கியில் இருந்த சில்லறை இன்னது. பிட்கொயின் என்று வந்ததும் பேனையை நிறுத்தினான்.

"காணியெண்டா உறுதிப் பத்திர நம்பர் இரிக்கி. பேங்க் எண்டா எக்கவுண்ட் நம்பர் இரிக்கி. இதுக்கு என்ன நம்பர் போட?"

"நம்பர் இல்ல நாநா. பன்னெண்டு சொல்லு இரிக்கி" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

"அப்ப அதச் செல்லு. எழுத்துல இல்லாத சொத்து சொத்தே இல்ல."

ஸிபான் சொன்னது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் வெளியே ஐந்து ஆண்கள் காத்திருந்தார்கள். புருஷன் போன சூட்டோடு காசை ஒளித்தாள் என்று நாளைக்கு ஒரு சொல் வந்தால் அதைத் துடைக்க எந்தத் தண்ணீரும் போதாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கொப்பியை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். அங்கே இருந்த பெரியவர்களில் ஒருவருக்காவது, அலுமாரித் திறப்பைப் பட்டியலோடு சேர்த்துக் கட்டிக்கொடுக்கிறோம் என்று தோன்றவில்லை. அஹ்னாப் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே விழாதே என்று வாப்பா ஒரு பார்வை பார்த்தார். அவன் அடங்கிவிட்டான்.

பக்கத்திலிருந்த கொமியுனிகேஷன் கடையில் இரண்டு போட்டோ கொப்பி எடுத்தார்கள். ஒன்று ஹாஜியாருக்கு, ஒன்று பள்ளிவாசல் கோப்புக்கு. மூலத்தைத் தங்கச்சியின் சார்பில் நுஸ்கி மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மொத்தம் எண்பது இலட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்குப் பாதி, மிச்சம் தகப்பனுக்கு. தாய்க்கும் பிள்ளைக்குமாக ஐம்பது இலட்சம் வரும். காணியும் வாங்கலாம், சிறிதாக ஒரு வீடும் எழுப்பலாம். றிப்தா அன்றைக்குத்தான் ஸிபான் போனபிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

இத்தா முடியட்டும், அவள் கண்ணுக்கு முன்னாலேயே விற்போம் என்று ஹாஜியார் சொன்னார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சேர்ந்து ஒரு காரியத்தைக் கெடுத்தால் அதைத் திருத்தக் கெட்டவனாலும் முடியாது.

ஏப்ரலில் இத்தா முடிந்தது. புத்தாண்டு லீவு கழிந்த வியாழக்கிழமை, கண்டி டவுனில் போன் கடையில் வேலைசெய்த அஹ்னாப், வாங்குவதற்கு நம்பிக்கையான ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஸிபானின் போனை நடுவில் வைத்துச் சுற்றியிருந்தார்கள். அனுப்பும் கட்டணம் மூன்று விதமாக வந்தது. விரைவு, நடுத்தரம், மெது.

"வாப்பா இல்லாத யதீம்ட காசு மகன். ஒரு சதமும் வீணாக்க வாணாம். கொறஞ்சதப் போடு" என்றார் ஹாஜியார்.

மெதுவைப் போட்டான். இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். காசு கிளம்பியது, ஆனால் போய்ச் சேரவில்லை. 'காத்திருக்கிறது' என்று ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. மாலையிலும் நின்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தபோதும் அப்படியே நின்றது.

"இது கண்டி குட்ஷெட் ஸ்டாண்டுல மடுல்கெல்ல பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி மச்சி" என்று அஹ்னாப் நாநாவின் மனைவிக்கு விளங்கப்படுத்தினான். "பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். ஸீட்டு கொஞ்சம்தான். ஆரு கூடக் காசு குடுக்கிறானோ அவன மொதல்ல ஏத்துவாங்க. இந்தக் கெழமயெண்டு பாத்து சனம் கூடிப்போச்சு."

"ஒலகம் முழுக்க ஒரே பஸ்ஸா தம்பி?"

"ஒரே பஸ்தான். ஸெகண்டுக்கு ஏழு பேர் ஏறினாப் பெரிய விஷயம்."

"இவ்வளவு படிச்ச ஆக்கள் இன்னொரு பஸ் போடல்லயா?"

"வேற ரோட்டெல்லாம் போட்டிருக்காங்க. நாநாட காசு பழைய ரோட்டுல இரிக்கே."

சனிக்கிழமை பகல் பொரித்த மீனைத் தட்டில் எடுத்துவைத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். காத்திருந்த வரி இல்லை. வொலட்டில் பூச்சியம். அஹ்னாப் ஓடிவந்து தேடிப் பார்த்தான். யாரோ அதே பன்னிரண்டு சொற்களை வேறு போனில் போட்டு, அதே காசை வேறொரு முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டணம் அறுபதாயிரம் ரூபாய். இரண்டாயிரம் கட்டியவன் இரண்டு நாளாய் வரிசையில் நிற்க, அறுபதாயிரம் கட்டியவன் வந்ததும் ஏறிப் போய்விட்டான். இரண்டாயிரத்துக்குப் பார்த்து எண்பது இலட்சத்தை இழந்த கதை இதுதான்.

காசு எங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் புது முகவரியை யாரும் திறந்து பார்க்கலாம். பெயர்தான் இல்லை. களவு கொடுத்தவள் தன் காசைத் தினமும் பார்த்துக் கும்பிட வசதி செய்து வைத்திருக்கிறார்கள். பொலிஸில் போய்ச் சொன்னபோது எந்த வங்கி என்று கேட்டார்கள். வங்கி இல்லை என்றாள். அப்படியென்றால் எங்கிருந்து களவு போனது என்று கேட்டார்கள். 

நுஸ்கி அன்றைக்கே மடவளையிலிருந்து வந்தான். அவளைத் தனியே குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டான்.

"போன் ஒன்ட கையிலதானே இருந்திச்சு? அப்ப எடுத்தவன் தாளப் பாத்துத்தான் எடுத்திருக்கான். தாளும் இரிக்கி, இந்தத் தொழில் தெரிஞ்சவனும் இரிக்கான், அது எந்த வீடு? நான் ஒண்டும் செல்லல்ல. நீயே யோசிச்சுப் பாரு. வேலியே பயிர மேஞ்சா நாங்க என்ன செய்ய?"

யோசிக்க எங்கே விட்டது வயிற்றெரிச்சல். களவுக் கதை கேட்டு மௌலவியும் செயலாளரும் வந்திருந்த ஹோலுக்குள், திரையும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் போய் நின்றாள். அஹ்னாபின் முகத்துக்கு நேரே, யதீமின் காசைத் தின்றவன் என்றாள். அவன் வெளிறிப்போனான்.

"நான் எடுக்கல்ல மச்சி. பள்ளியில வந்து சத்தியம் பண்றேன்."

"சத்தியத்தக் குடுத்தாக் காணி தருவாங்களா?" என்றாள்.

 அவள் மின்ஹாவைத் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் ஏறும்போது, "போக வாணாம் மகள், மேல்வீடு ஒங்கடதான்" என்றார் ஹாஜியார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அக்குறணையில் பேசி முடித்திருந்த அஹ்னாபின் கல்யாணம் நின்றது. பெண் வீட்டார் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஜூனில் அவன் டோஹாவுக்குப் போய்விட்டான்.

றிப்தா நாநாவின் வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். நுஸ்கி குறை வைக்கவில்லை. மாதம் பிறந்தால் பதினைந்தாயிரம் ரூபாயைக் கவரில் போட்டு, நாலு பேர் இருக்கும்போது அவள் கையில் கொடுப்பான். அலுவலகத்தில் லோன் கிடைத்ததென்று முன் ஹோலுக்கு டைல்ஸ் பதித்தான், பிறகு ஒரு காரும் வாங்கினான். விதவைத் தங்கச்சியைத் தாங்குகிறவனுக்கு அல்லாஹ் பரக்கத்தைக் கொட்டுகிறான் என்று மடவளையே சொன்னது.

ஜூலையில் மின்ஹாவைப் பாடசாலையில் சேர்க்க விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரமும் ஸிபானின் மரணப் பத்திரமும் கட்டுகஸ்தோட்டையில் இருந்தன. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனாள். மேல்மாடியில் வேறு யாருடையவோ உடுப்புகள் காய்ந்தன. மகனை டோஹாவுக்கு அனுப்பிய கடனுக்காக வாடகைக்கு விட்டிருந்தார் ஹாஜியார். பத்திரங்கள் இருந்த கோப்பை எடுத்துக் கொடுத்தார்.

பத்திரங்களுக்கு அடியில் பாகப் பட்டியலின் போட்டோ கொப்பி இருந்தது. பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். சொற்களை நுஸ்கி வரிக்கு இரண்டாக, தாளின் அடி வரைக்கும் எழுதியிருந்தான். எண்ணினாள். ஐந்து வரி. பத்துச் சொல். அதற்குக் கீழே தாள் இல்லை.

"மாமா, இதுல பத்துத்தானே இரிக்கி."

"தந்தது அவ்வளவுதான் மகள். ஏன், இன்னும் இரிக்கா?"

அலுவலகப் பழக்கத்தில் நுஸ்கி எழுதியது நீளமான புல்ஸ்கெப் தாளில். கடைக்காரன் அதைக் கட்டைத் தாளில் அடித்ததில் கடைசி வரி விழவில்லை. ஹாஜியாரிடம் சொல்லி செயலாளருக்குப் போன் போட வைத்தாள். அவர் கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, என்னிடமும் பத்துத்தான் என்றார். எண்பது இலட்சம் போன வீட்டில், இவ்வளவு நாளும் ஒருவரும் பத்து வரைக்கும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சண்டைபோட மட்டும் நேரம் இருந்தது.

வாசித்த கையோடு கொப்பியை அலுமாரியில் பூட்டியவள், காசு போகும்வரை திறப்பை யாரிடமும் கொடுக்கவே இல்லை. அது போக, பன்னிரண்டும் எழுதிய தாள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது யாருடைய சட்டைப்பைக்குள் போனது என்று அவள் தன் கண்ணால் திரை இடுக்கில் பார்த்திருந்தாள்.

"தம்பி எடுக்கல்ல மாமா" என்றாள். 

"அது எனக்குத் தெரியும். அவன் என்ட மகன்." ஹாஜியார் தொடர்ந்து சொன்னார்: "என்ட பங்கையும் மின்ஹாட பேருக்கே எழுதத்தான் நெனச்சிருந்தேன். ஆரு எடுத்தாங்கெண்டு ஒனக்குத் தெரியுமா?"

சொல்லியிருக்க வேண்டும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று யாரும் இலேசாகச் சொல்லலாம். அன்றைக்கு மின்ஹா எங்கே படுப்பாள் என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. அவள் மேல்மாடியைப் பார்த்தாள். கொடியில் காய்ந்த மற்றவர்களின் உடுப்புகளைப் பார்த்தாள். "தெரியல்ல மாமா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு முன் நுஸ்கி முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கிட்டப் போய் நின்றாள்.

"நாநா, அந்த நீளத் தாள் எங்க?"

"எந்தத் தாள்?"

"பன்னெண்டு சொல்லும் இருந்த தாள். மத்ததுகள்ல பத்துத்தான் இரிக்கி. நேத்துப் பாத்தேன்."

பைப் தண்ணீர் காரில் விழாமல் தரையில் ஓடியது. அவன் அவளைப் பார்க்கவில்லை. பைப்பை மூடினான், கையைத் துடைத்தான்.

"மின்ஹாட ஸ்கூல் போம்ல கார்டியன் கையெழுத்து நான்தானே வெக்கோணும்? அட்ரஸும் இந்த வீட்டு அட்ரஸ்தானே? கொண்டா, வெச்சித் தாறேன்."

குரல் உயரவில்லை. கூடப்பிறந்தவன் பேசுகிற பாசத்தோடுதான் பேசினான். றிப்தா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டையைப் பிடிக்க வேண்டும், ஊரைக் கூட்ட வேண்டும் என்று இருந்தது. உள்ளே மின்ஹா பாடசாலைச் சப்பாத்தைப் போட்டு டைல்ஸில் நடந்து பார்க்கும் சத்தம் கேட்டது. போய் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கார் பொனட்டில் வைத்து, அந்த முத்து முத்தான எழுத்தில் கையெழுத்து வைத்தான்.

பகல் சாப்பாட்டுக்கு நுஸ்கியின் மனைவி ஜஹானாவின் வீட்டார் வந்திருந்தார்கள். ஜஹானா நெய்ச்சோறு ஆக்கியிருந்தாள். சஹன் என்ற பெரிய தட்டு வைத்து, பெண்கள் ஒரு சுற்றாகவும் ஆண்கள் ஒரு சுற்றாகவும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மின்ஹாவுக்குப் பாடசாலை என்ற பேச்சு வந்து, தகப்பனில்லாத பிள்ளை என்ற பேச்சு வந்து, அஹ்னாபின் பேரும் வந்தது. சாப்பாடு முடியும் முன்னே ஜஹானாவின் உம்மா இரண்டு கையையும் ஏந்திவிட்டாள்.

"இந்தப் பச்சப் புள்ளட காசத் திண்டவன்ட வயித்துல அல்லாஹ் நெருப்பப் போடட்டும். அந்தக் காசுல ஒரு பருக்க திண்டவனையும் விடாம எரிக்கட்டும்."

"ஆமீன்" என்றார்கள் எல்லாரும். ஆண்களின் சுற்றிலிருந்து நுஸ்கியின் குரல் மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு வந்தது.

றிப்தாவும் வாயைத் திறந்தாள். இருக்கிற ஆத்திரத்துக்கு அந்த ஒரு சொல்லாவது மிச்சமிருக்கிறது, அடிவயிற்றிலிருந்து சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். அப்போது தன் கையிலிருந்த சோற்றைப் பார்த்தாள். ஏப்ரலிலிருந்து மூன்று வேளையும் தானும் பிள்ளையும் என்ன காசில் சாப்பிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் மின்ஹா, வாய் நிறைய நெய்ச்சோற்றோடு, பெரியவர்களைப் பார்த்துக் கையை ஏந்தி, "ஆமீன்" என்றாள்.