மச்சானுக்கு வாங்கிய வால்வு

பதுளை வீதிக்குத் திரும்புவதற்காகச் சஹ்லா செங்கலடிச் சந்தியில் வேகத்தைக் குறைத்தாள். எக்சிலேட்டரிலிருந்து கால் எடுபட்டதும் பொனட்டுக்குள்ளிருந்து சீண்டிவிட்ட பாம்பு மாதிரி ஒரு சீறல் கேட்டது. அவள் கிளச்சை மிதித்தாள். எஞ்சின் ஒருதரம் குலுங்கி அப்படியே அடங்கிப் போயிற்று. பின்னால் வந்த பஸ்காரன் ஹோனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"கிளச்ச பிழையா மிதிச்சிட்டன் போல" என்றாள் சஹ்லா. காரின் திறப்பைத் திருப்பினாள். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. கறுப்புப் புகையும் பெற்றோல் மணமும் கண்ணாடி வழியே உள்ளே வந்தன.

பக்கத்து இருக்கையில் இருந்தவன் அவளின் தம்பி றிஸ்லான். ராத்தாவின் கால் எந்தப் பிழையும் செய்யவில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தக் காரில் அது தெரிந்த ஆள் அவன் மட்டும்தான்.

டோஹாவில் கார் சாமான் கடையில் வேலை செய்பவன் அவன். லீவில் காத்தான்குடிக்கு வந்து நாலு நாள் ஆகிறது. ராத்தாவின் புருஷன், மச்சான் நௌஷாட்தான் அன்று காலை அவனைக் காரில் ஏற்றிவிட்டான். "நீ காருக்க புழங்குற ஆள். உன்ட ராத்தா ஓடுறத ஒருக்காப் போய்ப் பாரு, என்ன பிழை விடுறாள் எண்டு வந்து சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தான். சஹ்லா கரடியனாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். லைசன்ஸ் எடுத்த நாளிலிருந்து இரண்டு வருடமாக அந்தப் பாதையில் ஒருநாளும் கார் நின்றதில்லை. போன மாதத்திலிருந்துதான் நிற்கிறது.

போன மாதம்தான் றிஸ்லான் அந்த வால்வை அனுப்பியிருந்தான்.

அது சின்ன ஜப்பான் டர்போ கார். எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டர்போ அமுக்கி வைத்திருக்கும் காற்றுக்குப் போக இடம் வேண்டும். அதைத் திறந்துவிடுவதுதான் அந்த வால்வின் வேலை. காரோடு வந்த பிளாஸ்ரிக் வால்வின் ரப்பர் கிழிந்து இழுவை குறைந்ததும், நல்லதாக ஒன்று பார்த்து அனுப்பச் சொன்னான் நௌஷாட். கடை மேசையில் றிஸ்லான் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தான். ஒன்று மங்கின அலுமினியம். காற்றைக் குழாய் வழியே திரும்பவும் உள்ளுக்கே அனுப்பும், சத்தம் கித்தம் ஒன்றும் வராது. மற்றது நீல நிறம், கண்ணாடி போல மினுக்கம். காற்றை வெளியே சீறவிடும்.

ஓட்டமாவடியைச் சேர்ந்த ஸாஜித் அவனோடு ஒரே அறையில் இருப்பவன், அதே கடையில் வேலை. பெட்டிகளைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, அந்தக் காரில் காற்று அளக்கிற சென்சர் இருக்கிறதா என்பதுதான். இருந்தது. உள்ளே வரும் காற்றை அது அளக்கும். அளந்த அளவுக்கு எஞ்சின் பெற்றோல் ஊற்றும். அளந்த காற்றை நடுவழியில் வெளியே விட்டால் எஞ்சினுக்கு அது தெரியாது. பெற்றோல் கூடி, காலை எடுத்த நேரம் பார்த்து மூச்சு முட்டி நின்றுவிடும். இதையெல்லாம் ஸாஜித் சொல்லித்தான் றிஸ்லான் அறிய வேண்டும் என்றில்லை. கடைக்கு வருகிற ஆட்களுக்கு அவனே நாளுக்கு நாலு தரம் சொல்கிற கதை அது.

நீலப் பெட்டியை அவன் கையிலேயே வைத்திருந்ததைப் பார்த்து ஸாஜித் சிரித்தான்.

"இது காருக்கா மச்சானுக்கா?"

மச்சானுக்குத்தான். ராத்தாவுக்குக் கலியாணம் முடிக்கும்போது சீதன வீட்டின் பின் அறைக்குச் சுவர் பூசியிருக்கவில்லை. மாப்பிள்ளை வந்து இறங்கிய அன்றிலிருந்து உம்மா றஸீனாவுக்கு அது ஒரு குறை. நௌஷாட் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததே உம்மாவுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. பிறகு றிஸ்லான் உழைத்துச் சுவரைப் பூசிவிட்டான். ஆனாலும் மருமகனுக்கு மீன் பொரித்தால் நடுத்துண்டு, வாழைப்பழம் வாங்கினால் முதல் சீப்பு. அந்த வீட்டில் வளர்ந்தவன் கை நீலப் பெட்டிக்குப் போனதில் புதுமை இல்லை. மெயின் றோட்டில் மச்சான் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், மச்சினன் அனுப்பினது என்று அவன் சொல்ல வேண்டும். சிலவேளை நிற்காமலும் ஓடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டான்.

பூட்டிய அன்றே நௌஷாட் சத்தத்தைப் பதிந்து குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டான். உம்மா அதைக் கேட்டுவிட்டு மருமகன் சந்தோசமாக இருக்கிறார் என்று குரலில் பதிந்து அனுப்பினா. பின்னேரம் கடைக்குப் போய்வர மட்டும் காரை எடுக்கிற நௌஷாட், சத்தம் கேட்பதற்காகவே ஒவ்வொரு கியருக்கும் அழுத்தி ஓடினான். ஒன்றிரண்டு தரம் நின்றதை அவன் பெரிதாக எடுக்கவில்லை. சந்திக்குச் சந்தி காலை எடுத்து எடுத்துப் போகிறவள் சஹ்லாதான். அவளோடு புளியந்தீவில் ஏறுகிற தக்ஷாயினி டீச்சர், வலையிறவுப் பக்கம் தங்கைச்சி வீட்டிலிருந்து போகப் போவதாகச் சொல்லி இரண்டு கிழமைக்கு முன் கூட வருவதை நிறுத்திவிட்டா. சஹ்லா அதை நம்பினாளோ இல்லையோ, பின் இருக்கையில் அந்த டீச்சர் வைத்துவிட்டுப் போன குடையை இன்னும் எடுத்து வைக்கவில்லை.

இதெல்லாம் றிஸ்லானுக்கு டோஹாவிலேயே தெரியும். குறூப்பில் ஒவ்வொரு நாளும் வாசித்தான். வாசித்துவிட்டு, பார்த்து ஓடுங்க ராத்தா என்று எழுதினான்.

பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வரும்போது இன்னும் இரண்டு தரம் நின்றது. ஒருதரம் கல்லடிப் பாலத்தில். சஹ்லா தன் காலைக் குனிந்து பார்த்தாள், அது வேறு யாருடையதோ என்பது போல.

வீட்டு வாசலில் நௌஷாட் நின்றான்.

"என்ன சொல்ற இஞ்சினியர்? கிளச்தானே?"

இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் நௌஷாட் ஏற்கெனவே பொனட்டைத் திறந்து, அந்த நீல வால்வில் படிந்த புழுதியைச் சாரத்தின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஓம் மச்சான்" என்றான் றிஸ்லான். "கொஞ்சம் கிளச்தான்."

சஹ்லா உள்ளே போய்ச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் காரின் திறப்பை நௌஷாட்டின் பிளேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். விடிய ஐந்து மணிக்கு முதல் பஸ், செங்கலடியில் மாறி அடுத்த பஸ். நௌஷாட், உயிரைவிடக் கார் பெரிதில்லை, அதுவும் நல்லதுதான் என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்து சொன்னான். அதுதான் றிஸ்லானை அதிகம் சுட்டது.

அசர் தொழுகைக்குப் பிறகு அவன் உம்மாவைக் குசினியில் பிடித்து விசயத்தைச் சொன்னான். உம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை.

"மருமகனுக்குக் குடுத்த சாமான, கூடாத சாமான் எண்டு சொல்லிக் கழட்டுறதா? அவர் என்ன நினைப்பாரு மனே? ரெண்டு நாள் பஸ்ஸில போகட்டும், பொறகு பாப்பம்."

"ரெண்டு நாள் இல்ல உம்மா. ராத்தா இனிக் கார் ஓடவே மாட்டா."

உம்மா திருவின தேங்காயை ஒருதரம் பார்த்தா, அவனைப் பார்க்கவில்லை.

அவன் வாவிக்கரைக்கு நடந்தான். முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. டோஹாவில் இருந்த மாதிரியே போனை வாய்க்கிட்டப் பிடித்துக் குடும்பக் குறூப்புக்குச் சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்லப் போன் எழுத்தாக்கியது. முதல் தரம், வால்வில் ஏதோ பிழை போல என்று வந்தது. அழித்தான். இரண்டாம் தரம், கடைக்காரன் மாறித் தந்துவிட்டான் என்று வந்தது. அந்தக் கடைக்காரனே அவன்தான். அதையும் அழித்தான். தோணியில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், தனியே கதைக்கிற பொடியனை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

மூன்றாம் தரம் நிறுத்தாமல் சொன்னான்.

"ராத்தா, மச்சான், உம்மா, எல்லாரும் வாசிங்க. கார் நிக்கிறது ராத்தாட காலால இல்ல. நான் அனுப்பின வால்வாலதான். அது அந்தக் காருக்குப் பொருந்தாது எண்டு அனுப்ப முந்தியே எனக்குத் தெரியும். மச்சான் சந்தோசப்படணும் எண்டு அனுப்பினன். இண்டைக்கும் கிளச் எண்டு பொய் சொல்லிட்டன்."

அனுப்பினான். மூன்று பேரும் வாசித்த அடையாளம் நீலமாக விழுந்தது. ஐந்து நிமிட நடைத் தூரத்தில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் எடுத்தான்.

காரின் பொனட் திறந்து கிடந்தது. சஹ்லா முக்காட்டை இறுக்கிக் கட்டி, கையில் ஸ்குறூ டிறைவரோடு நின்றாள். உம்மா குசினி ஜன்னலுக்குப் பின்னால் நின்றா. நௌஷாட் வாசல் படியில் இருந்தான், போன் இன்னும் கையில்.

"அப்ப நீ எனக்கு விளையாட்டுச் சாமானா அனுப்பின?" என்றான். குரல் உயரவில்லை.

"ஓம் மச்சான். நல்ல வால்வும் கடையில இருந்திச்சி. அதுக்குச் சத்தமில்ல. நீங்க விரும்ப மாட்டீங்க எண்டு நினைச்சன்."

"நான் உன்னட்ட சத்தமா கேட்டன்? பொஞ்சாதி றோட்டில நிண்டா எனக்குச் சத்தமா பெரிசு?"

நௌஷாட் எழும்பிப் போய், பழைய பிளாஸ்ரிக் வால்வைச் சாமான் வைக்கிற அலுமாரியிலிருந்து எடுத்து வந்து சஹ்லாவிடம் நீட்டினான். றிஸ்லானிடம் நீட்டவில்லை.

எந்தக் கிளிப்பை முதலில் கழற்றுவது, எந்தக் குழாய் எதில் போகும் என்று றிஸ்லான் சொன்னான். செய்தது முழுக்கச் சஹ்லா. கிழிந்த ரப்பரோடு இழுவை கொஞ்சம் குறையும், ஆனால் நிற்காது, புதிது வரும்வரை ஓடலாம் என்றான். அவள் தலையாட்டினாள். கடைசிக் கிளிப்பை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"வால்வ விடு, அது இரும்பு. ஒரு மாசமா என்ட காலையே நான் நம்பல்ல றிஸ்லான். அத என்னெண்டு கழட்டுறது?"

மன்னிச்சிருங்க என்று அவன் தொடங்கினான். அவள் கேட்கவில்லை, நௌஷாட்டிடமிருந்து திறப்பை வாங்கிக்கொண்டு ஏறினாள். யாரும் கூட வர வேண்டாம் என்றாள்.

கார் ஒழுங்கையில் இறங்கியது. முனையில் மெயின் றோட்டுக்கு ஏற முன் அவள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். றிஸ்லான் வெளியே ஓடி வந்து நின்றான். கழற்றிய வால்வு கையில் இருந்தது. நிறுத்தும் விளக்குகள் சிவந்தன. சீறல் இல்லை. எஞ்சின் ஒரே சீராக உறுமியபடி நின்றது. ஓட்டோ ஒன்று போகும்வரை, சைக்கிளில் இரண்டு பேர் போகும்வரை. பிறகு கார் ஏறித் திரும்பிற்று, கரடியனாற்றுப் பக்கமாக.

நௌஷாட் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அந்த மற்ற வால்வு எவ்வளவு நாளில வரும்?"

"ஸாஜித் அடுத்த கிழமை வாறான் மச்சான். இப்பவே சொல்றன்."

"சொல்லு. அவள்ட பேரப் போட்டு அனுப்பச் சொல்லு. எனக்கு ஒண்டும் வேணாம்."

றிஸ்லான் போனை வாய்க்கிட்டக் கொண்டுபோனான். காரின் மொடல், வருடம், சென்சர் இருக்கிறது என்ற விபரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். கடைக்கு வருகிற எந்த மனிசனிடமும் அவன் முதலில் கேட்கிற அதே விபரங்கள்தான்.