வளைவு வந்தால் லைன் போய்விடும்

மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் ‘மடிப்பக்கா’. ஊரை விட்டு வெகுதூரம் வந்து சேர்ந்தவள். சாயங்காலம் ஆலை வேன் கிளம்பியதும் மற்றவர்கள் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குவார்கள். இவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போடுவாள்.

கிளம்பியதும் போட்டுவிடுவாள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் சூட்சுமம். பெரிய தண்ணீர்த் தொட்டி கண்ணில் படும்வரை போனை மடியிலேயே வைத்திருப்பாள். தொட்டியைத் தாண்டிச் சற்று தூரத்தில் ஒரு மலை வளைவு. அதுவரை அவளுடைய போன் கம்பெனியின் டவர். அதற்கப்புறம் கூட்டாளி கம்பெனியின் டவர். ஒன்று கையை விட்டு இன்னொன்று பிடிப்பதற்குள் பேச்சு தொப்பென்று விழுந்துவிடும் என்று வேன் டிரைவர் முதல் வாரமே சொல்லியிருந்தார். மற்றவர்கள் அதற்காகக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். இவள் மட்டும் வாயே திறக்கவில்லை.

காரணம், அப்பா எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்.

“எப்பம்மா வர்றே?”

“அப்பா, வளைவு வந்துடுச்சு...” என்பாள் இவள். லைன் போய்விடும். தப்பித்தோம் பிழைத்தோம் என்று மூச்சு விடுவாள். உண்மையில் அடுத்த நிமிஷமே திரும்பக் கூப்பிடலாம். கூட்டாளி டவரில் பேச்சு கணீரென்று கேட்கும். “அந்தப் பக்கம் லைனே கிடைக்காதுப்பா” என்று அவள் அவிழ்த்துவிட்ட புளுகை அவர் நம்பிவிட்டார். பெற்ற மகள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார் மனுஷன்?

அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. அறைக்குப் போனால் பேச ஆளில்லை, அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன் என்றெல்லாம் சொன்னால் அவர் தாங்கமாட்டார். அவராவது அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறாரே என்று அவளுக்கு ஓர் ஆறுதல். போனில் எப்போதும் பின்னால் ஒரு பெண் சிரிப்பாள், குழந்தை கத்தும்.

“அண்ணியாப்பா?”

“ஆமாம்மா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஒரே ரகளை!”

அந்த ரகளையை நம்பித்தான் அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, இல்லையா என்று மேனேஜர் கேட்டிருந்தார். நாளைக் காலையில் பதில் சொல்ல வேண்டும். இருக்கிறேன் என்று சொல்வதாகத்தான் எண்ணம்.

அன்றும் கேள்வி வந்தது, வளைவும் வந்தது. “வளைவு வந்துடுச்சுப்பா...” என்றாள்.

“சரிம்மா, பத்திரம்” என்றார். போனை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. லைன் தானாகவே போய்விடும் என்பதால் இருவரில் ஒருவரும் அதை நிறுத்திப் பழகியதில்லை.

வேன் வளைந்து திரும்பியது. காதிலிருந்து எடுத்த போனுக்குள் அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மடிப்பக்கா, இனிமே தொல்லை இல்ல!” என்று டிரைவர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். “ரெண்டு கம்பெனியும் பேசி சரி பண்ணிட்டாங்களாம். இங்க கட்டாகவே ஆகாது.”

நல்ல நேரம் பார்த்துச் சரிபண்ணினார்கள் என்று மனதுக்குள் வைதுகொண்டே போனை நிறுத்தப் போனாள். அதற்குள் அங்கே ‘டக்’கென்று ஒரு சத்தம். சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தையும் நின்றது. வீடே அடங்கிப்போனது.

டிவி. அட கடவுளே, இத்தனை நாளும் டிவி!

நாற்காலியை இழுக்கிற சத்தம். ஒரு தட்டு வைக்கிற சத்தம். இன்னொரு தட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள், வரவில்லை. “ஆச்சு. இனிமே நாளைக்குத்தான்” என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“அப்பா!” என்று கத்தியேவிட்டாள். வேனில் தூங்கியவர்கள் திடுக்கிட்டு விழித்தார்கள்.

அங்கே எதுவோ தடுமாறி விழுந்தது. அரக்கப்பரக்க வந்து போனை எடுத்தார். “சின்னவளே! இன்னும் லைன்லயா இருக்கே?”

“அண்ணன் எங்கப்பா?”

“அவன் வேலை மாத்திக்கிட்டுக் குடும்பத்தோட போயிட்டாம்மா. போன வருஷமே. நான்தான் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

“தினமும்தானே பேசறேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?”

“எங்கேம்மா சொல்றது? பேச ஆரம்பிக்கும்போதே உனக்கு வளைவு வந்துடுது. பாதியில அறுந்துபோனா நீ ராத்திரி பூரா அதையே நினைச்சு அழுவே. அதான், சந்தோஷமா இருக்கற மாதிரியே விட்டுட்டேன்.”

தொட்டி கண்ணில் படும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு சாயங்காலமும் நெஞ்சில் வந்து குத்தியது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள்.

“அழாதேம்மா. நீ அங்க நல்லா இருக்கே இல்ல, அது போதும்.”

“நல்லா இல்லப்பா. நானும் தனியாத்தான் இருக்கேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கு மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். இந்த மாசக் கடைசியில நான் வந்துடறேன்ப்பா.”

மறுமுனையில் சத்தமே இல்லை. பாழாய்ப்போன லைன் இப்போது போய்த் தொலைந்துவிட்டதா என்று பதறி, போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அப்பா? அப்பா, இருக்கீங்களா?”

“இருக்கேம்மா” என்றார். “கட்டாகல. எனக்குத்தான் பேச்சு வரல.”