சரிந்த தலைக்கட்டு

"புஷ்பத்தை சுதார்மி தூக்கட்டும்" என்று பூதியாசா சொன்னபோது, அவன் மனைவி ராஸ்மின் தென்னங்குருத்தைக் கிழித்துப் படையல் தட்டு முடைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முடைந்த தட்டெல்லாம் கோணலாகப் போயின.

இறந்துபோனவள் பூதியாசாவின் அம்மா. எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. ஆன்மாவை மேலுலகத்துக்கு அனுப்பும் சடங்குதான் பாக்கி. பூவையும் சந்தனக்கட்டையையும் சேர்த்துக் கட்டிய சின்ன உருவத்தில் அன்று அந்த ஆன்மா வந்து தங்கும். அதுதான் புஷ்பம். குடும்பத்துப் பெண் ஒருத்தி அதைத் தலையில் ஏந்திப் பந்தலைச் சுற்றி வரவேண்டும்.

"பெத்த பொண்ணு இருக்கும்போது மருமக தூக்கினா ஊர் என்ன சொல்லும்?" என்றான் பூதியாசா.

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றாள் ராஸ்மின்.

கேட்கவில்லைதான். அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் கஞ்சி ஊட்டியதும், உடம்பைத் துடைத்துவிட்டதும், புண் வராமல் புரட்டிப் போட்டதும் அவள்தான். பூதியாசாவின் தங்கை சுதார்மி லொம்போக் தீவில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா கண்மூடிய அன்று கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டவள், எரித்து முடிந்தபிறகுதான் வந்து சேர்ந்தாள்.

சடங்கன்று காலை பெண்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பாடுங் வட்டாரத்தில் இந்தச் சடங்குக்குத் தலைக்கட்டுத் துணி இல்லாமல் எந்தப் பெண்ணும் வரமாட்டாள். நெற்றியை இறுக்கிச் சுற்றி, கூந்தல் முழுக்க மறைத்து, ஒரு முனை மட்டும் இதழ் விரிந்தாற்போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கட்டுவதில் ராஸ்மினின் கைக்கு ஊரில் தனி மரியாதை உண்டு.

"போன தடவ நீ கட்டிவிட்டதுல என் புருஷன் என்னையே அடையாளம் தெரியாம கும்பிட்டுட்டாருடி" என்றாள் பக்கத்து வீட்டு லாஸ்தி.

"அவரு எப்பவும் பயத்துல கும்பிடறவருதானேக்கா" என்றாள் ராஸ்மின். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியாக சுதார்மி வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, எனக்குப் பயமா இருக்கு. நல்லா இறுக்கிக் கட்டுங்க."

ராஸ்மின் சுற்றினாள், மடித்தாள். பின்பக்கம் முனையை உள்மடிப்பில் செருகி ஊசி குத்தவேண்டும். செருகவில்லை. மேலாகப் படியவைத்துத் தட்டிவிட்டாள். ஊசியைத் தன் இடுப்புக் கச்சையிலேயே குத்திக்கொண்டாள். புஷ்பம் விழவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. துணி கொஞ்சம் சரியட்டும், நாலு பேர் வாயைப் பொத்திச் சிரிக்கட்டும், அவ்வளவுதான் நினைத்தாள்.

முதல் சுற்று ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது சுற்றில், பந்தலின் கிழக்கு மூலை திரும்பும்போது துணி நழுவிற்று. சுதார்மி ஒரு கையால் அதைப் பிடிக்கப் போனாள். புஷ்பம் சாய்ந்து அவள் தோளில் இடித்து மண்ணில் விழுந்தது. வெண்கல மேளம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

பூசாரி பதறவில்லை. தீர்த்தம் தெளித்து, மன்னிப்பு மந்திரம் சொல்லி, புஷ்பத்தை எடுத்து நிறுத்தினார். "கைதவறுறது மனுஷங்களுக்கு உள்ளதுதான். சடங்குல குறை ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

சுதார்மியின் காதில் அது ஏறவில்லை. அவிழ்ந்த துணி கழுத்தில் தொங்க, விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கை தவறல. அம்மாவே இறங்கிட்டாங்க. என் தலையில உக்கார அவங்களுக்குப் பிடிக்கல."

ராஸ்மின் வாயைத் திறந்தாள். "அப்படியெல்லாம் இல்ல சுதார்மி. காத்து அடிச்சுது" என்றாள். அன்று ஓர் இலைகூட அசையவில்லை.

அதன்பிறகு சுதார்மி லொம்போக்குக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் போனில் அழைத்தால் "வரேன், வரேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள். ராஸ்மின் வாழைத்தண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். சுதார்மி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது அம்மாவுக்குப் பிடிக்கும்ல?" என்று கேட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். சொல்லிவிடலாம் என்று ராஸ்மின் ஒவ்வொரு நாளும் எழுந்தாள். பூதியாசாவின் முகத்தைப் பார்த்ததும் சமையலறைக்கே திரும்பிவிட்டாள்.

கடைசியில் பூதியாசாவே, "குறி கேட்டுட்டு வந்துடலாம். அம்மா மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா பரிகாரம் பண்ணிடலாம்" என்று இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

குறிகாரி சாம்பிராணிப் புகைக்கு நடுவே கண்ணை மூடி ஆடினாள். குரல் மாறியது. "வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். எம் பொண்ணு வரலியே. அந்தக் கோபத்துலதான் இறங்கினேன்."

சுதார்மி அப்படியே தரையில் குப்புற விழுந்தாள். "ஆமாம்மா, தப்புதாம்மா, என்னை மன்னிச்சிடும்மா" என்று தலையைத் தரையில் மோதினாள்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டாள் ராஸ்மின். "அத்தை அப்படிச் சொல்லமாட்டாங்க. கடைசி நாள் எங்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'கடல் மோசமா இருக்கு, அவளை வரவேண்டாம்னு சொல்லு, எம் பொண்ணு பத்திரமா இருந்தா போதும்'னாங்க. நான்தான் அதை உங்கிட்ட சொல்லல சுதார்மி. அவ்வளவு செஞ்ச என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியேன்னு வயிறு எரிஞ்சுது. தலைக்கட்டுக்கு ஊசியும் நான் குத்தல. வேணும்னேதான் குத்தாம விட்டேன்."

குறிகாரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு, "யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள், தன் சொந்தக் குரலில்.

பூதியாசா எழுந்து வெளியே போய்விட்டான். சுதார்மி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா சொன்னதை இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

ராஸ்மின் சொன்னாள். சுதார்மி மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னாள். அப்புறம்தான் சுதார்மி அழுதாள்.

"அண்ணன்கிட்ட நான் கேட்டேன் அண்ணி. 'அண்ணிதானே பாத்துக்கிட்டாங்க, அவங்களே தூக்கட்டும்'னு. அவன்தான் ஒத்துக்கல. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே உங்க தலையில வெச்சிருப்பேனே."

சுதார்மி திட்டியிருந்தால்கூட ராஸ்மின் தாங்கியிருப்பாள்.

மறுநாள் சுதார்மி படகேறிவிட்டாள். போகும்போது அண்ணனிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். பூதியாசா சில நாள் "சோறு போடு" என்பதற்கு மேல் பேசவில்லை.

ஊரில் மட்டும் பேச்சு ஓயவில்லை. "பெத்தவளுக்கே பிடிக்காத பொண்ணு" என்றார்கள். "உன்னை மாதிரி மருமக எங்க கிடைப்பா" என்று ராஸ்மினின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. கோயிலில் படையல் செய்யப் பெண்கள் கூடிய நாளில், எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள்.

லாஸ்திக்குக்கூட ஒரு கேலி வரவில்லை. "எங்க தலையிலயும் கை வெச்சவதானேடி நீ" என்று மட்டும் கேட்டாள். அடுத்த சடங்குக்குப் பெண்கள் வேறு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தலைக்கட்டு கட்டிக்கொண்டார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நியாயம்தான் என்று ராஸ்மினுக்குத் தோன்றியது. ஆனாலும் அழுகை வந்தது.

முன்னோர் வீடு தேடி வரும் கலுங்கான் பண்டிகைக்கு சுதார்மி பிள்ளைகளோடு வந்தாள். சமையலறைக்குள் வந்து, கேட்காமலே அம்மியை இழுத்துப்போட்டு மஞ்சளும் வெங்காயமும் அரைக்க ஆரம்பித்தாள். ராஸ்மின் தேங்காய் துருவிக்கொண்டே, "சுதார்மி, நான் அன்னைக்கு..." என்று தொடங்கினாள்.

"அதைப் பேசாதீங்க அண்ணி. பேசினா எனக்குத் திரும்பவும் கோபம் வருது" என்றாள் சுதார்மி, நிமிராமலே. "கோபப்படக்கூடாதுன்னு நினைச்சுத்தான் வந்திருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்."

"சரி" என்றாள் ராஸ்மின்.

"உப்பு எங்க வெச்சிருக்கீங்க?"

ராஸ்மின் எழுந்து எடுத்துக் கொடுத்தாள்.