எட்டு மணி நேரக் கறி சாஸ்

என் கணவர் பரிதி வருஷத்துக்கு ஒரு முறை சமைப்பார். அன்றைக்கு வீட்டில் மற்ற எல்லாருக்கும் கூடுதல் வேலை.

இந்த வருஷத்துச் சமையல் நாள் போன ஞாயிறு. மறுநாள் எனக்குத் துறைத்தேர்வு. தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இந்தத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. முதல் முறை நாத்தனார் வளைகாப்பு, இரண்டாம் முறை வீட்டில் கிடா வெட்டு. இந்த முறையும் போனால், எனக்குப் பின்னால் சேர்ந்த குந்தவை எனக்கு மேலே உட்கார்ந்து, "எழில்மொழி, அந்த ஃபைல எடுங்க" என்பாள்.

"நாளைக்கு நீ கிச்சன் பக்கமே வராத. நான் பாத்துக்கிறேன், நீ படி" என்றார் பரிதி, சனிக்கிழமை. புதிதாக ஒரு ஸ்லோ குக்கர் வாங்கியிருந்தார். கொத்துக்கறி, தக்காளி, வெங்காயம் எல்லாம் போட்டு மூடிவிட்டால், எட்டு மணி நேரத்தில் பாஸ்தாவுக்கு ஊற்றிக்கொள்ளக் கெட்டியான கறி சாஸ் தானாக ஆகிவிடுமாம். ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேரைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்.

நான் நம்பினேன். பட்டும் புத்தி வராத ஜென்மம்.

காலை ஏழு மணிக்கு ஜமாபந்தி பாடத்தைத் திறந்தேன். "எழில், வெங்காயம் எங்கருக்கு?" எடுத்துக் கொடுத்தேன். "எழில், இதப் பொடியா நறுக்கணுமாம். உன் கைக்குத்தான் வரும்." நறுக்கினேன். பூண்டு உரித்தேன், தக்காளியை அரைத்தேன். என் மாமியார் தங்கம்மாள் கறியைக் கழுவிக் கொத்திக் கொடுத்து, பாத்திரங்களையும் தேய்த்துக் கவிழ்த்தார். பத்து மணிக்குப் பரிதி எல்லாவற்றையும் குக்கரில் கொட்டினார், மூடினார், குமிழைத் திருகினார், போட்டோ எடுத்தார். 'இன்று என் கைப்பக்குவம். பொறுமைதான் முக்கிய மசாலா' என்று ஸ்டேட்டஸ் போட்டார்.

"இனிமே யாரும் மூடியத் தொறக்கக் கூடாது. பக்கத்துல வந்து யோசனையும் சொல்லக் கூடாது" என்று எங்கள் இருவருக்கும் உத்தரவு. பிறகு ஹாலில் சாய்ந்துகொண்டு, "எழில், ஒரு காபி" என்றார்.

காபி போடப் போனபோதுதான் பார்த்தேன். பிளக் சொருகியிருந்தது. சுவரில் சுவிட்ச் போடவில்லை.

வாய் வரை வந்தது. சொன்னால், "நல்லவேளை, நீயே கொஞ்சம் பாத்துக்க" என்பார். அத்தோடு என் தேர்வுக்கு மூன்றாம் முறையும் பால் ஊற்ற வேண்டியதுதான். யோசனை சொல்லக் கூடாது என்றவரும் அவர்தானே? நான் புருஷன் சொல்லைத் தட்டாதவள். காபியைக் கொடுத்தேன், போகிற இடத்தை அத்தையிடம் மட்டும் சொல்லிவிட்டு, புத்தகத்தோடு பூதலூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பிளாட்பாரத்தில் நிழலாக ஒரு பெஞ்சு கிடைத்தது. ரயில் வந்தால் சத்தம், போனால் அமைதி. நல்ல கறி வீணாகிறதே என்று மனசு ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் ஜமாபந்தி முடிந்து, பட்டா மாறுதல் முடிந்து, நில எடுப்பும் முடிந்தது. இந்த ஆறு வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்ததே இல்லை.

ஆறு மணிக்கு போன் அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடித்து ஓய்ந்தபோது, கையில் டிபன் பாக்ஸோடு அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மூடியத் தொறந்துட்டான்" என்றார். "போட்டது போட்டபடி பச்சையாக் கெடக்கு. ஃபிரெண்டுங்க நாலு பேரும் சுத்தி நின்னு பாக்குறாங்க. அதுல தௌபீக் தம்பிதான் சுவிட்சக் காட்டுச்சு."

புத்தகத்தை மூடினேன். "அத்தை... காபி போடுறப்பவே நான் பாத்தேன். சொல்லல."

"நான் அவன் மூடுறப்பவே பாத்துட்டேன்" என்றபடி டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர் சாதம், மாவடு. "அவங்கப்பாவுக்கு முப்பது வருஷம் சுவிட்ச் போட்டுக் குடுத்தேன். போதும். நீ சாப்பிட்டுட்டுப் படி."

மறுபடி போன் அடித்தது. இந்த முறை அத்தை எடுத்தார்.

"எழில் இன்னும் ஒரு பாடம் படிக்கணும்ப்பா. நீ வேற கறி வாங்கிப் போட்டு, சுவிட்சயும் போடு. எட்டு மணி நேரத்துல வந்துடுறோம்."