டிரம் அடித்தவர் இருந்த சுருள்

டப்பாக்காரர் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். நடிப்பு கலக்காமல் போர்க்காலத்தில் நேரிலேயே பிடித்த ஆரம்பகாலப் படங்கள் என்றால் உயிரையே விடுவார். தேடித் தேடி வாங்கிய படச்சுருள்களைத் தகர டப்பாக்களில் அடுக்கிப் பூட்டியதில், வீட்டில் மனிதர்கள் புழங்க மிஞ்சியது கூடமும் சமையலறையும்தான்.

அவற்றில் ஒன்று, படைவீரர்கள் கப்பலேறும் படம். முன்னால் டிரம் அடித்துக்கொண்டு போகிறவர் அவருடைய மாமியாரின் அப்பா. போனவர் திரும்பவில்லை. மாமியார் அப்போது தாய் வயிற்றில். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. கொட்டகையில் அந்தப் படம் ஓடியபோது மாமியாரின் அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான். அப்படி ஒரு படம் இருப்பதே மாமியார் சொல்லித்தான் மருமகனுக்குத் தெரியும். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பிரதியை எப்படியோ பிடித்துவிட்டார்.

"ஒரு தடவ காட்டுங்களேன், மாப்பிள்ளை" என்று அந்த அம்மாள் கேட்காத வருஷமில்லை. ஓட்டினால் தீப்பிடிக்கும் ரகம் என்பார் இவர். அது நிஜம்தான். பிரதி எடுத்து ஓட்டலாம் என்பதும் அவருக்குத் தெரியும். பிரதி வந்துவிட்டால் 'ஒன்றே ஒன்று' என்ற பெருமை போய்விடுமே. என்ன ஜென்மமோ!

போன வாரம் மனைவி ஒரே பிடியாக நின்றாள். பிரதி எடுக்கக் கொடுக்காவிட்டால் டப்பா மொத்தத்தையும் தெருவில் வீசுவேன் என்றாள். வேறு வழியில்லாமல் அந்தச் சுருள் இருந்த டப்பாவை எடுத்து வந்தார். கொடுப்பதற்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் முகத்தை மட்டும் பார்த்துவிடுகிறேன் என்று மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

காற்று படக்கூடாதென்று மூடியைச் சுற்றி டேப்பை இறுக்கி ஒட்டியிருந்தார். அந்தக் காலத்துச் சுருளுக்கு மூச்சு விட இடம் வேண்டும். அடைத்து வைத்தால் தன் ஆவியிலேயே அழுகிப்போகும். பூட்டத் தெரிந்தவருக்கு இது தெரியவில்லை. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம். உள்ளே பழுப்புத் தூள்.

மாமியார் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வாங்கினப்ப நீங்க முழுசாப் பார்த்தீங்கல்ல, மாப்பிள்ளை? எங்கப்பா எப்படி இருந்தாரு?"

பார்த்தார்தான். லென்ஸ் வைத்து அடி அடியாகப் பார்த்தார். அசல்தானா என்று ஓரத்தில் அச்சான வருஷக் குறியையும் துளைகளின் வடிவத்தையும் பார்த்தார். டிரம் கண்ணில் பட்டதும் இதே படம்தான் என்று சுருளை மேலே நகர்த்திவிட்டார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அப்படியே உங்க ஜாடைதான், அத்தை" என்றார்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்கப்பா சாயல் துளிகூட உன்கிட்ட இல்லையேன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லி அழுதாங்க, மாப்பிள்ளை" என்றாள்.